எந்திரனுக்குப் பிறகு வந்த 2.0 ஏன் ஏமாற்றியது?

மண்டபம் வடகரை எழுதியது:

எந்திரன் 2010 அக்டோபர் 1 அன்று திரைக்கு வந்தபோது, பெரிய நட்சத்திரத்தை வைத்துக்கொண்டும் கடினமான ஒரு கேள்வியைக் கேட்க முடியும் என்று காட்டியது. மனிதன் செய்த ஓர் இயந்திரம் உணரவும் சிந்திக்கவும் தொடங்கிவிட்டால், அதன் மேல் அதைச் செய்தவனுக்கு என்ன உரிமை, அது செய்கிற பிழைக்கு யார் பொறுப்பு என்பதே அந்தக் கேள்வி. 2018 நவம்பர் 29 அன்று வந்த 2.0 அதை எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாகப் போகும் என்று எதிர்பார்த்திருந்தேன். படம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு இன்றுவரை தீரவில்லை என்பதால் அதை இங்கே முறையாக எழுதி, மாற்றுக் கருத்து உள்ளவர்களின் எண்ணத்தையும் அறிய விரும்புகிறேன்.

முதல் படத்தின் தீவிபத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். எரிகிற அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து சிட்டி என்ற அந்த இயந்திர மனிதன் ஒவ்வொருவராகத் தூக்கி வந்து இறக்குகிறது. குளித்துக்கொண்டிருந்த இடத்தில் சிக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணையும் அது காப்பாற்றுகிறது; அவள் உடலில் துணி இல்லை என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கேமராக்கள் சுற்றி நிற்க, கூசிக் குறுகிய அந்தப் பெண் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். உயிரைக் காக்க வேண்டும் என்ற கணக்கில் சிட்டி எந்தத் தவறும் செய்யவில்லை. மானம் என்று ஒன்று இருப்பதை அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதைப் படைத்த அறிவியலாளர் வசீகரன் அதற்கு உணர்வைக் கற்பிக்க முனைவதும், உணர்வு வந்தபின் அது அவருடைய காதலி சனாவைக் காதலிப்பதும், அந்தக் காதலால் படைத்தவனையே எதிர்ப்பதும், கடைசியில் தீர்ப்புக்குப் பணிந்து தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பதும் அந்த ஒரு காட்சியிலிருந்தே கிளைத்து வருகின்றன.

இரண்டாம் பாகத்தில் ஊரிலுள்ள கைபேசிகள் எல்லாம் பறந்து போகின்றன, ஆட்கள் சாகிறார்கள், அரசு கையைப் பிசைகிறது. உடனே, கரையில் கழற்றிப் போட்ட எஞ்சினைத் தேவைப்பட்டதும் படகில் மாட்டிக்கொள்வதுபோலச் சிட்டியை மாட்டிக்கொள்கிறார்கள். மறுபடியும் உயிர்பெற அதற்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் கையாலேயே தன்னைப் பிரித்துக்கொண்ட நாளைப் பற்றி அதுவும் ஒரு சொல் பேசவில்லை. முதல் படத்தின் சிக்கல் முழுவதற்கும் காரணமான சனா இதில் தொலைபேசியில் கேட்கும் குரலாகச் சுருங்கிவிட்டார். நிலா என்ற இயந்திரப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தியதோடு சிட்டியின் மனத்துயர் தீர்ந்ததாகக் கதை எடுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது முடிவுதான். பறவைகளுக்காக உயிரையே விட்டு, இறந்தபின் கைபேசிகளைப் பறக்கவைத்துப் பழிவாங்கும் பட்சிராஜனை வெல்வதற்கு, குட்டி இயந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, அந்தப் புறாக்களின் உயிரைப் பணயமாக வைத்து மிரட்டுகின்றன. பறவைகளைக் காப்பாற்றச் சொல்லும் படம் அதை வெற்றியாகக் கொண்டாடுவது எப்படி? எந்திரனில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தக் குற்றத்தின் மேலேயே அடுத்த அரைமணி நேரம் நின்றிருப்பார்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

வடகரை அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் என் மனம் முழுவதும் உடன்படவில்லை.

இரண்டாம் பாகம் என்பதாலேயே முதல் பாகத்தின் கேள்வியைத்தான் சுமக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பின்னால் முப்பரிமாணத்துக்கு மாற்றாமல், முப்பரிமாணக் கேமராவிலேயே எடுக்கப்பட்ட தமிழ்ப் படம் அது. தார்ச்சாலை முழுவதும் கைபேசிகள் பரவி ஆறுபோல ஊர்ந்து வரும் காட்சியும், அவையெல்லாம் ஒன்றுகூடி இறகு விரித்த பெரும்பறவையாக எழும் காட்சியும் நம் மொழிப் படத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. பட்சிராஜனின் முன்கதையில் அந்த முதியவர் அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துத் தோற்றுப்போவதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் கலங்கிவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டைமாடியில் பறவைகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் வைக்கத் தொடங்கியது அந்தப் படத்துக்குப் பிறகுதான். ஒரு படம் அதைச் செய்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

சித்திரங்குடி நாரை எழுதியது:

தொண்டிக்காரன் அண்ணன் சொன்ன அந்த முன்கதையை நானும் விரும்பிப் பார்த்தேன். சாலிம் அலியை நினைவூட்டும் ஒரு பறவையியலாளர் நம் திரையில் கதையின் மையத்துக்கு வந்ததே பெரிய காரியம். அதனாலேயே என் ஏமாற்றம் வடகரை அண்ணனின் ஏமாற்றத்தைக் காட்டிலும் கூடுதல். அவரை அழைத்து வந்து நிறுத்திவிட்டு, அவர் வாயில் உறுதிப்படாத ஒரு காரணத்தை வைத்துவிட்டார்கள்.

செல்போன் கோபுரத்தின் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன என்பது படத்தின் அடித்தளம். அதற்கு இன்றுவரை வலுவான சான்று இல்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று சொல்கிறது. மின்காந்த இரைச்சல் பறவைகளின் திசையறியும் புலனைக் குழப்புவதை ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியது உண்மை. ஆனால் அவர்கள் கண்டது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளின் விளைவு. நம் கைபேசிகள் இயங்கும் அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது.

கோபுரங்களால் பறவைகள் சாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் மோதி ஆண்டுதோறும் சுமார் 68 லட்சம் பறவைகள் இறப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. உயரமான கோபுரமும், அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும், இரவில் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கும்தான் அங்கே கொல்கின்றன. வலசை வரும் பறவைகள் மேகமூட்டமான இரவில் அந்த விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் மோதிவிடுகின்றன. அணைந்து அணைந்து எரியும் விளக்காக மாற்றினால் சாவு வெகுவாகக் குறைகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. எவ்வளவு அச்சமூட்டும், எவ்வளவு எளிதில் தீர்க்கக்கூடிய உண்மை! படத்துக்கு இது தேவைப்படவில்லை.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. வெயில் ஏறியதும் தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்து, அந்த நிழலுக்குள் குஞ்சுகளை ஒடுக்கி வைத்துக்கொள்ளும். இணைப்பறவை வந்து விழுங்கிய மீனைக் கூட்டின் மேல் கக்கியதும் குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பொறுக்கும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும் வரைதான் இவை நடக்கும். தண்ணீர் வற்றினால் இரையும் போகும், நாயும் நரியும் வருவதைத் தடுக்கும் அரணும் போகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது இந்தக் கண்மாய்கள் என்ன ஆயின என்பதை நாம் அனைவரும் பார்த்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டதும், சீமைக்கருவேலம் மண்டியதும், மழை தவறியதும்தான் இங்கே பறவைகளின் பகை. இவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

பாம்பன் வாடை எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். அந்தப் படத்தைப் பார்க்க எங்களால் முடியாமல் போனதற்கு வேறு காரணம் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அங்கெல்லாம் மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் சாய்ந்துவிட்டன. கோடியக்கரையிலும் அதற்கு வடக்கேயும் இருக்கிற எங்கள் உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாமல் பாம்பனில் பெண்கள் கைபேசியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழைத்தபடி இருந்தார்கள். படம் வந்தது அதற்குச் சரியாக 13 நாள் கழித்து. கோபுரத்தை எமனாகவும், கைபேசி வைத்திருப்பவனைக் கொலைகாரனாகவும் காட்டும் கதை அந்த வாரத்தில் எங்கள் கரையில் யாருக்கும் ஒட்டவில்லை.

காற்று எச்சரிக்கை, ஏலத்தில் இன்றைய விலை, எல்லைக்கருகில் போன படகு திரும்பியதா என்ற செய்தி, எல்லாமே எங்களுக்கு அந்தக் கருவியில்தான் வருகின்றன. கைபேசியால் கேடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மனிதர்கள் அதை எதற்கெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்பதைப் படம் ஒரு காட்சியிலாவது மதித்திருக்க வேண்டும். கைபேசி பறிபோனதும் ஜனங்கள் பரபரப்பதைக் காட்டினார்களே தவிர, அது இல்லாமல் உயிர் போகக்கூடிய ஒருவரைக் காட்டவில்லை.

கீழக்கரை வாசகி எழுதியது:

தொண்டிக்காரன் காக்காவின் கேள்விக்கு என் பதில் எழுத்தைப் பற்றியது.

எந்திரனின் வசனத்தில் சுஜாதாவின் பங்கு இருந்தது. ஷங்கரும் மதன் கார்க்கியும் உடன் எழுதினார்கள். சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமாகிவிட்டார். கடவுள் இருக்கிறாரா என்று அவையில் கேட்கிறார்கள். கடவுள் என்றால் யார் என்று சிட்டி திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்கிறார்கள். அப்படியானால் என்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் இருக்கிறார் என்று முடிக்கிறது. அரங்கம் சிரிக்கிறது, ஆனால் அந்தப் பதிலில் ஓட்டையே இல்லை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் மூளை ஒன்று நம் நடுவே வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடுகிறது. கொசுவைப் பிடித்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்கும் காட்சியும் அந்த வகைதான்.

தமிழில் அறிவியல் புனைவுக்கு நல்ல இரண்டாம் பாகம் எழுத முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலைப் படித்தவர்கள் 'மீண்டும் ஜீனோ'வையும் படித்திருப்பார்கள். இயந்திர நாயாக அறிமுகமாகும் ஜீனோ, படிக்கப் படிக்கச் சிந்திக்கக் கற்றுக்கொண்டு மனிதர்களைவிடத் தெளிவாகப் பேசத் தொடங்குகிறது. அடுத்த கதை அந்த வளர்ச்சியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அந்த நாவலின் நாயகி பெயரும் நிலாதான். 2.0-வில் இயந்திரப் பெண்ணுக்கு நிலா என்று பெயர் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு ஆசை எழுந்தது தெரியுமா! பெயர் வந்தது, ஜீனோவின் அறிவு வரவில்லை. இந்தப் படத்துக்கு ஷங்கருடன் வசனம் எழுதிய ஜெயமோகன் நான் மதிக்கும் எழுத்தாளர். குறை வசனத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நின்று பேசிக்கொள்ள இரண்டு பாத்திரங்களுக்கு இடமே இல்லாதபடி கதையைக் காட்சிகளால் அடைத்துவிட்டார்கள்.

மண்டபம் வடகரை எழுதியது:

வாசகி அவர்கள் சொன்னது எனக்கு வேறொரு தொடரை நினைவுக்குக் கொண்டுவந்தது. 1984-இல் வந்த டெர்மினேட்டரில் இயந்திரம் கொல்ல வருகிறது. 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே உருவம் காக்க வருகிறது. ஏன் கொல்லக் கூடாது என்று ஒரு சிறுவன் அதற்குச் சொல்லித் தருகிறான். சண்டையும் பெருகியது, செலவும் பெருகியது, கேள்வியும் பெருகியது. தொண்டிக்காரன் தம்பி, பிரம்மாண்டத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. 2.0-வுக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகச் செய்தி வந்தது. அவ்வளவு உழைப்பும் நம் தொழில்நுட்பக் கலைஞர்களின் திறமையும் ஒரு நல்ல கதைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏர்வாடி ஆசிரியர் எழுதியது:

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அறிவியல் புனைவில் நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொள்ள எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. வைத்துக்கொண்டபின் அதன் விதிகளுக்கு அவரே கட்டுப்பட வேண்டும். சிட்டி ஆயுதங்களைக் காந்தம்போல் இழுப்பதை நான் வகுப்பில் உற்சாகமாகப் பேசியிருக்கிறேன். 2.0 வேறு வழியில் போய்விட்டது. இறந்த மனிதரின் ஆரா, அதாவது உடலைச் சூழ்ந்திருப்பதாகச் சொல்லப்படும் ஆற்றல் வட்டம், இறந்த பறவைகளின் ஆராவோடு சேர்ந்து கைபேசிகளை இயக்குகிறது என்கிறார்கள். அதை எதிர்மறை ஆற்றல் என்கிறார்கள். நேர்மறை ஆற்றலால் சரிக்கட்டலாம் என்கிறார்கள். இது ஆவிக்கதை. ஆவிக்கதையாகவே எடுத்திருந்தால் எனக்கு மறுப்பில்லை, நம் கடற்கரையில் ஆவிக்கதைகளுக்கா பஞ்சம்? அதை வசீகரன் என்ற அறிவியலாளரின் வாயால் நிறுவப்பட்ட அறிவியல்போலச் சொல்ல வைத்ததுதான் பிழை. மாணவர்கள் என்னிடம் வந்து ஆராவின் அலகு என்ன ஐயா என்று உண்மையாகவே கேட்டார்கள்.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அணு உலை நினைவுக்கு வருகிறது. கைபேசி அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது. கோபுரங்கள் வெளியிடும் அலைகளுக்கு 2012 செப்டம்பர் முதலே இந்தியா உலகளாவிய வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. படம் வெளிவரும் முன் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. அந்த முறையீட்டை நான் ஆதரிக்கவில்லை, கலைஞனின் வாயை அடைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் கையில் அந்த வாதத்தைக் கொடுத்தது படத்தின் கவனக்குறைவே.

தொண்டிக்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவும் கீழக்கரை லாத்தாவும் சொன்னவற்றைப் படித்தேன். பிள்ளைகள் தண்ணீர் வைத்தது நல்லது என்பதில் இன்னும் நான் உறுதியாக இருக்கிறேன். சித்திரங்குடித் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன்: வரத்துக்கால் அடைபட்டதையும் மழை பொய்த்ததையும் வைத்துத் திரைப்படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத கொலைகாரன் என்றால்தானே கதை நகரும்?

சித்திரங்குடி நாரை எழுதியது:

கண்ணுக்குத் தெரியாத கொலைகாரன் உண்மையிலேயே ஒருவன் இருந்தான் அண்ணன்.

1990-களில் இந்தியாவெங்கும் பாறு கழுகுகள் மரத்திலிருந்து விழுந்து செத்தன. வெண்முதுகுப் பாறு 15 ஆண்டுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துபோயிற்று. நோயா, பூச்சிமருந்தா, பட்டினியா என்று ஆய்வாளர்கள் தேடித் தேடிச் சலித்தார்கள். செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது யூரிக் அமிலம்; சிறுநீரகம் செயலிழந்திருந்தது. டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்று 2004-இல் நிறுவினார்கள். மாட்டின் வலியைத் தணிக்க இரக்கத்தோடு போடப்பட்ட ஊசி அது. மாடு இறந்தபின் அந்த மருந்து எஞ்சியிருந்த சதையைத் தின்ற கழுகுகள் சில நாளில் செத்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது.

மறைந்திருந்த கொலைகாரன், நல்லெண்ணத்தோடு செய்த கொலை, அறிவியலால் கண்டுபிடித்தது, சட்டத்தால் தடுத்தது, எல்லாம் இதில் இருக்கின்றன. பட்சிராஜனைப் போன்ற ஒருவர் இந்த உண்மையைச் சுமந்து அலுவலகப் படிகளில் ஏறியிருந்தால், அவர் பக்கம் நிற்பதா சிட்டியின் பக்கம் நிற்பதா என்று நாம் தடுமாறியிருப்போம்.

கீழக்கரை வாசகி எழுதியது:

அந்தப் படத்துக்கு நான் குடும்பத்தோடு போவேன். எனக்கு இன்னொரு ஐயம் பல நாளாக இருக்கிறது; யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள். எந்திரனின் கடைசியில் 2030-ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் சிட்டி பிரிக்கப்பட்ட நிலையில் இருக்கிறது; பார்க்க வந்த பள்ளிச் சிறுமியோடு பேசுகிறது. 2.0-வின் கதை அதற்கு முன்பே நடக்கிறது, அதில் சிட்டி முழு உடலோடு எழுந்து போரிடுகிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

மண்டபம் வடகரை எழுதியது:

நானும் பொருத்திப் பார்த்திருக்கிறேன். ஒரே வழிதான் இருக்கிறது: 2.0-வுக்கும் 2030-க்கும் இடையில் அதை மறுபடியும் பிரித்திருக்க வேண்டும். முதல் முறை நூற்றுக்கணக்கானோரின் சாவுக்குத் தண்டனையாகப் பிரித்தார்கள் என்பது விளங்குகிறது. ஊரையே காப்பாற்றிய பிறகு எந்தக் குற்றத்துக்காகப் பிரித்தார்கள், உத்தரவு போட்டது யார், இந்த முறையும் அது தன் கையாலேயே கழற்றிக்கொண்டதா, அல்லது மறுத்ததா? மூன்றாம் பாகம் எடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அரங்கம் நிறையக் கைபேசிகள் பறக்க வேண்டியதில்லை. ஒரு நீதிமன்ற அறையும், வாதாடத் தெரிந்த ஓர் இயந்திரமும், அதை எதிர்த்துப் பேச வேண்டிய நிலையில் வசீகரனும் போதும்.